சொல்லாமல் கிளம்ப வேண்டிய வீடு

கிணத்துக்கடவு,
12.06.2025

அன்புள்ள ரூபிக்கு,

ப்ரியா எழுதுகிறேன். பம்பு கம்பெனி டிராயிங் செக்ஷனில் நாலு வருஷம் உன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த சண்முகப்ரியா. உன்னிடம் நான் அடையாளம் சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன், பார்.

நீ போனை எடுப்பதில்லை. வாட்சப்பில் நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நம் செக்ஷன் கோபாலசாமி சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ரூபினாவுங்களா? தெனமும் வருது, தெனமும் போகுது, நல்லாத்தான் இருக்குது" என்றார். சரி, உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தது. போன் மணி அடித்தாலே உனக்குப் பயம் என்பது எனக்குத் தெரியாததா? அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கம்பெனியிலும் நாம் வாயால் பேசியது குறைவு. பழைய டிராயிங் தாளின் பின்பக்கத்தில் எழுதி மேசைக்கு மேசை தள்ளிக்கொண்டதுதான் அதிகம்.

அப்பா போய் இன்றோடு ஐம்பத்தேழு நாள். மூன்றாம் நாள் நீ வந்தாய். அம்மா பக்கத்தில் இருபது நிமிஷம் உட்கார்ந்தாய். நான் பின்கட்டில் வேலையாக இருந்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் நீ இல்லை. அதோடு சரி, ஒரு வார்த்தை கிடையாது. பதினாறாம் நாள் காரியம் மே ஒன்றாம் தேதி, லீவு நாள்தானே, கட்டாயம் வருவாய் என்று நினைத்தேன். வாசலில் பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்தபடியே பந்தி பரிமாறினேன். ராசம்மாள் பெரியம்மா, "ஆரடி அம்மணி வரோணும், வாசலையே பாத்துட்டு இருக்கறே?" என்றுகூடக் கேட்டார்.

இங்கே விசேஷம் ஒன்றும் நல்லதாக இல்லை. அம்மாவைத் தனியாக விட முடியாமல் கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டேன். இப்போது இங்கேயே கயிறு மில் ஆபீஸில் இருக்கிறேன். உடம்பெல்லாம் தேங்காய் நார்த் தூசு. காரியம் முடிந்த நாலாம் நாள் தம்பி ரவிக்குமார் சூலூர் பக்கம் வண்டியோடு விழுந்து, வலது காலில் பிளேட் வைத்திருக்கிறது. அது உனக்குத் தெரியும் என்று சார் சொன்னார். தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, ரூபி.

என் மேல் என்ன கோபம்? கோபம் என்றால் திட்டி எழுது. ஒரு வரி போதும்.

உன்னைத் திட்டுவதற்காகவே காத்திருக்கும்,
ப்ரியா


கோயமுத்தூர்,
19.06.2025

அன்புள்ள ப்ரியாவுக்கு,

(அன்புள்ள என்று போடலாமா என்று தெரியவில்லை. போட்டுவிட்டேன்.)

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று நினைக்காதே. இது ஐந்தாவது தாள். முதல் தாளில் ‘மன்னித்துக்கொள்’ என்று ஆரம்பித்தேன், அது மன்னிக்கச் சொல்லி உத்தரவு போடுவது போல இருந்தது. இரண்டாவதில் ‘நலமா’ என்று கேட்டேன். அப்பா போன வீட்டில் நலமா என்று கேட்பதா? கிழித்துவிட்டேன்.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியவில்லை. அத்தா கடைக்குப் போய்விடுகிறார், கூட இருப்பதற்கு நான்தான். வேலையும் அதிகம், உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. காரியத்துக்கு வர முடியாமல் போனது அதனால்தான். தவறாக நினைக்க வேண்டாம்.

கோபாலசாமி சார் சொன்னதாக எழுதியிருந்தாயே, ‘தினமும் வருது, தினமும் போகுது’ என்று. அதை எந்தக் குரலில் சொன்னார்? சும்மா சொன்னாரா, இல்லை வருது போகுது, வேலை ஒன்றும் நடக்கவில்லை என்கிற மாதிரியா? போன வாரம் நான் அவருக்குக் காலை வணக்கம் சொன்னபோது அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையா, கேட்டும் பதில் சொல்லவில்லையா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னால் இரண்டு தடவை சொன்னதாக ஆகிவிடும் என்று சொல்லவில்லை.

ரவி விழுந்தது மே ஐந்தாம் தேதி என்று கேள்விப்பட்டேன். காலையிலா, மாலையிலா? தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்டேன்.

உன் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? உன் பெரியம்மா? சொல்லியிருந்தால் எழுது. சொல்லாவிட்டால் எழுத வேண்டாம். ஆனால் நீ எழுதாமல் இருந்தால், சொல்லியிருக்கிறார்கள், என் மனசு நோகும் என்று மறைக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். அதனால் சொல்லவில்லை என்றாலும் சொல்லவில்லை என்று எழுது.

என்றும் மறவாத,
ரூபினா


கிணத்துக்கடவு,
27.06.2025

ரூபினா,

நேற்று ரவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் உன் தங்கச்சி ஃபர்சானா நின்றிருந்தாள். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா இருக்காங்கக்கா, ஈரோட்டுல ஒரு கல்யாணம், மூணு நாளு ஆட்டமா ஆடிட்டு நேத்துதான் வந்தாங்க" என்றாள். முழங்கால் வலியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சின்னப் பெண்ணிடம் உன்னை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஒன்று கேட்கிறேன். இரண்டு மாசமாக இதைக் கேட்காமல் வைத்திருந்தேன்.

அன்றைக்கு நீ வந்து உட்கார்ந்ததும் நான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஏப்ரல் வெயில். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாய், துப்பட்டா கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. டம்ளரை நீ கையில்கூட வாங்கவில்லை. "வேண்டாம் ப்ரியா, இப்பத்தான் குடிச்சேன்" என்றாய்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் என்ன என்று உனக்குத் தெரியாது. அப்பா முப்பது வருஷம் ஒரு தோப்பில் தென்னை ஏறினார். நான் ஐந்தாவது படிக்கும்வரை அங்கே அவருக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி மாடு கட்டும் சாளை ஓட்டுக்கு அடியில் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த வீட்டு ஆட்கள் ஏதாவது வேலை சொல்ல எங்கள் வாசலுக்கு வந்தால் அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். குடிக்க மாட்டோம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, மரியாதை தெரிந்தவர்கள். "இப்பத்தானுங்க குடிச்சோம்" என்பார்கள். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் எல்லோரும் இப்போதுதான் குடித்திருப்பார்கள். அம்மா அந்தத் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுவாள்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கம்பெனியில் என் டப்பாவில் கை விட்டு எடுத்துத் தின்றவள் நீ. நோன்பு மாசத்தில் தூக்குப் போசியில் கஞ்சி கொண்டுவந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தவள். அதனால் நான் நம்பவில்லை. அப்பா போன துக்கத்தில் கண்டதையும் யோசிக்கிறேன் என்று தள்ளி வைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நீ வரவே இல்லை, ஏன் வரவில்லை என்று கேட்டால் பொய் எழுதுகிறாய்.

எங்கள் தெருவைப் பார்த்தாய், வீட்டைப் பார்த்தாய், டம்ளரைப் பார்த்தாய். நீயுமா ரூபி?

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது, எனக்குப் பழக்கம்தான். இல்லை என்றால் காரணத்தை எழுது. முழங்காலை எழுதாதே.

மா. சண்முகப்ரியா


கோயமுத்தூர்,
03.07.2025

ப்ரியா,

இல்லை. இல்லை. அல்லா மேல் ஆணையாக இல்லை.

இந்தக் கடிதத்தை ஒரே தாளில் எழுதுகிறேன், அடிக்க மாட்டேன், கிழிக்க மாட்டேன். எப்படி வந்தாலும் அப்படியே போடுகிறேன்.

அன்றைக்கு என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை வாங்கினால் சிந்திவிடும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இழவு வீட்டில் தண்ணீரைச் சிந்தினால் அதற்கு ஏதாவது கெட்ட அர்த்தம் இருக்குமோ என்று பயந்துபோனேன். அதனால்தான் வாங்கவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் போய் இரண்டு பாட்டில் வாங்கிக் குடித்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகு, அந்த இரண்டு பாட்டிலையும் உங்கள் தெருக்காரர் யாராவது பார்த்திருப்பாரோ என்று நினைக்கும்போது செத்துவிடலாம் போல இருக்கிறது.

எல்லாவற்றையும் நூறு தடவை யோசிக்கிறவள் என்று எனக்குப் பெயர். இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்கிறேன். அன்று பஸ்ஸில் வரும்போதே ஒவ்வொன்றாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். இழவு வீட்டில் ‘வாங்க’ என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவில்லையே என்று நினைக்கக் கூடாது. பேசாமல் போய் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும். எழுந்தால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். எங்கள் வீடுகளிலும் இதே வழக்கம்தான், எனக்குத் தெரியாததில்லை. ஈச்சனாரி தாண்டும்வரை ‘சொல்லாமல் கிளம்பணும், சொல்லாமல் கிளம்பணும்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உனக்கு நினைவிருக்கிறதா, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நீ தாள் தாளாக எழுதிக் கொடுப்பாய். ஃபவுண்டரிக்குப் போன் பண்ணினால் முதல் வரி என்ன, அவர் இப்படிக் கேட்டால் என்ன, அப்படிக் கேட்டால் என்ன என்று. எல்லாத் தாளிலும் கடைசி வரி ஒன்றுதான். எவர் வீட்டுக்குப் போனாலும், எவர் ஆபீஸுக்குப் போனாலும், கிளம்பும்போது ‘போயிட்டு வாரேனுங்க’ என்று தெளிவாகச் சொல்லிவிடு, நடுவில் நீ உளறியதெல்லாம் மறந்துபோகும் என்று சொல்லிக் கொடுத்தாய். நாலு வருஷமாக என்னைக் காப்பாற்றிய வரி அது.

அன்றைக்கு அம்மாவின் கையை விட்டுவிட்டு எழுந்தேன். "போயிட்டு வாரேனுங்கம்மா" என்றேன்.

மெதுவாகக்கூட இல்லை. எப்போதும் முணுமுணுக்கிறாய் என்று திட்டுவாயே, அன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். சுவரோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த வயசான அம்மா, அவர்தானே ராசம்மாள் பெரியம்மா, இடிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு எழுபத்தாறு நாளாக யோசிக்கிறேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

இழவு வீட்டில் வாரேன் என்றால் என்ன அர்த்தம், இன்னொரு இழவுக்கு வாரேன் என்றுதானே? மன்னிப்புக் கேட்டு மெசேஜ் டைப் அடித்தேன். நீ கவனிக்காமல் இருந்தால் நானே ஞாபகப்படுத்தியதாக ஆகும் என்று அழித்தேன். கவனித்திருந்தால் மன்னிப்புக் கேட்காதது திமிராகத் தெரியும் என்று மறுபடி அடித்தேன். காரியத்துக்கு வந்தால் எல்லோரும் ‘அவள்தான்’ என்பார்கள் என்று வரவில்லை. மே ஐந்தாம் தேதி கோபாலசாமி சார், ரவி விழுந்துவிட்டார், ஆபரேஷனாம் என்றார். நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கே வாட்சப்பை எடுத்துவிட்டேன். உன் பெயர் போனில் வந்தால், அடுத்து யாருக்கு என்ன ஆனதோ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ரவி பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம். என் வாய் அப்படி.

வந்து அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடு, பழையபடி. முதல் வரி, அவர்கள் அழுதால் என்ன, கோபப்பட்டால் என்ன, பேசாமல் இருந்தால் என்ன. கடைசி வரி என்ன என்பதும்.

ரூபினா


கிணத்துக்கடவு,
13.07.2025

ரூபி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது. கோபத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

எழுபத்தாறு நாள் நீ உன் வாயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாய். என் அப்பா செத்துப்போனார், ரூபி. எனக்கு உன்னிடம் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அது சரியான வார்த்தையா, தப்பான வார்த்தையா என்று நான் பார்த்திருக்க மாட்டேன். உளறியிருந்தாலும் போதும். நீயோ என் வீட்டு இழவைக்கூட உனக்கு வைத்த பரீட்சையாக ஆக்கிக்கொண்டாய். உன் தலைக்குள் எல்லோரும் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

சரி, கொட்டிவிட்டேன்.

தண்ணீர் விஷயம் நம்புகிறேன். உன் கை நடுங்குவதை நான் பார்க்காததா? ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது நீ வேண்டாம் என்றதைத்தான். அது மனசை விட்டுப் போகக் கொஞ்சம் நாளாகும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதற்குப் பொய் இல்லாமல் பதில் எழுதுகிறேன். ஆமாம், ராசம்மாள் பெரியம்மா பேசினார். நீ தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே பேசினாராம். "எழவு ஊட்டுல வாரேன்னு சொல்லிப்போட்டுப் போகுது பாரு, இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு என்ன தெரியுது" என்றாராம். நீ பயந்தபடியே நடந்தது. அதற்கப்புறம் அடுத்த வெற்றிலையை எடுத்து இடிக்க ஆரம்பித்தார். இப்போது கேட்டால் அவருக்கு உன் முகமே நினைவில்லை.

ரவி விழுந்தது போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதால். இருட்டுகூட இல்லை, பட்டப்பகல். நீ எழுதியதைச் சொன்னேன். "அப்படீன்னா ரூபினாக்காவே வந்து என்னப் புடிச்சு நடத்தி உடட்டும்" என்று சிரிக்கிறான்.

அம்மா முழுக்கக் கேட்டாள். கடைசியில் என்ன சொன்னாள் என்று அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"அந்தப் புள்ள சொன்னது எனக்கு நல்லா நெனப்பிருக்குது. அன்னைக்கு எத்தன சனம் வந்துச்சு, ஒருத்தரும் சொல்லிக்கல. சொல்லக் கூடாதுதான். எல்லாரும் எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாங்க, நான் தரையப் பாத்துட்டே உக்காந்திருக்கறேன். இது ஒண்ணுதான் வாரேன்னுச்சு. சரி, இது வரும்போல இருக்குதுன்னு நெனச்சேன்."

"அப்ப அது தப்பில்லையாம்மா?" என்றேன்.

"சொன்னதுல என்ன தப்பு? சொல்லிப்போட்டு வராம இருக்குதல்லொ, அதுதான் தப்பு."

அந்தப் பார்வைக்கு அர்த்தம் இதுதான். எழுபத்தாறு நாள் யோசித்தும் உனக்கு இது மட்டும் தோன்றவில்லை.

நான் தாள் எழுதித் தர மாட்டேன். முதல் வரியும் கிடையாது, கடைசி வரியும் கிடையாது. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வா. பஸ் ஸ்டாப்புக்கு வந்து கூட்டிக்கொண்டு போகவும் மாட்டேன், வழி உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ வராவிட்டால் இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

ப்ரியா


கோயமுத்தூர்,
20.07.2025

ப்ரியா,

வந்தேன். நம்ப மாட்டாய், ஆனால் வந்தேன்.

பாலத்துக்கு மேலே போகிற பஸ் உங்கள் ஊரில் நிற்காதே, கீழே போகுமா என்று கண்டக்டரிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தைரியம் வராமல் மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவதில் கேட்டேன். இறங்கினேன். தையல்கடை தாண்டி உங்கள் தெரு திரும்பும் இடம்வரை வந்துவிட்டேன். குழாயடியில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். "ஆரூட்டுக்குங் அம்மணி?" என்று ஒருவர் கேட்டார்.

மாசாணம் வீட்டுக்கு என்று சொன்னால் இறந்தவர் பெயரைச் சொல்வதாக ஆகும். காளியாத்தாள் வீடு என்றால் பெரியவர்களைப் பெயர் சொல்வதாக இருக்கும். ப்ரியா வீடு என்றால் அம்மாவைப் பார்க்க வந்துவிட்டு உன் பெயரைச் சொல்வது பொய். இதை யோசித்து முடிப்பதற்குள் ரொம்ப நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. இரண்டு பேரும் குடத்தை நிரப்புவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "சும்மாங்க" என்றேன். ஒரு தெருமுனைக்கு யாராவது சும்மா வருவார்களா? திரும்பிவிட்டேன்.

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். வந்தேன் என்பதை மட்டும் சொல்ல எழுதினேன்.

ரூபினா


கிணத்துக்கடவு,
24.07.2025

ரூபினா,

கூட்டிப்போக மாட்டேன் என்று எழுதினேனே தவிர, மனசு கேட்கவில்லை. பாலத்துக்குக் கீழே இளநீர் வண்டிக்குப் பின்னால் பதினோரு மணியிலிருந்து நின்றேன். நீ இறங்கியதைப் பார்த்தேன். உன் பின்னாலேயே இருபதடி விட்டு நடந்தேன். நீ விரலில் எதையோ எண்ணிக்கொண்டே போனாய். குழாயடியில் நின்றதையும் பார்த்தேன். திரும்பி வரும்போது என்னை உரசாத குறையாகத்தான் கடந்து போனாய், தலையைத் தூக்கவில்லை.

கூப்பிட்டிருக்கலாம், வாய்வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய், அம்மா முன்னால் உனக்கும் சேர்த்து நானே பேசியிருப்பேன். நாலு வருஷமாக அதைத்தான் செய்தேன், நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

அம்மா ஓர் ஆளுக்குக் கூடவே அரிசி போட்டிருந்தாள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

இனி எழுத வேண்டாம்.

சண்முகப்ரியா


உன் வீடு, கிணத்துக்கடவு,
12.08.2025, மாலை

ப்ரியா,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அதனால் இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் வீட்டு நாள்காட்டியில் கிழித்த ஜூலை மாசத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன், நீ மில்லிலிருந்து வந்து பார்ப்பாய்.

செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று தெரிந்தேதான் வந்தேன். நீ இருந்தால் நீ பேசிவிடுவாய். கோபாலசாமி சாரிடம் நேரில் போய் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். ஃப்ரெண்டு வீட்டுக்கு என்றேன். "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் எப்போதும் ஃபைலைத்தான் பார்க்கிறார்.

குழாயடியில் அதே அம்மா. "ஆரூட்டுக்குங் அம்மணி?" என்று அதே கேள்வி. இந்தத் தடவை நான் எதையும் தயாரித்துக்கொண்டு வரவில்லை, தயாரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டதே. "காளியாத்தாம்மா ஊட்டுக்குங்க. வாரேன்னு சொல்லியிருந்தேன்" என்று வந்துவிட்டது. அவர், "மூணாவது ஊடுங், செம்பருத்திச் செடி நிக்குது பாருங்" என்று கையைக் காட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கினார்.

வாசலில் நின்றேன். அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "வா அம்மணி" என்றார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "வெயில்ல வந்திருக்கறே" என்று எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

கை நடுங்கியது. வாங்கினேன். பாதி தரையில் சிந்தியது. நான் துப்பட்டாவால் துடைக்கக் குனிந்தேன். "உடு அம்மணி, தரைதான, காஞ்சிரும்" என்றார்கள். மிச்சத்தைக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் வேணுமுங்க என்று நானாகவே கேட்டேன். அதையும் குடித்தேன். ப்ரியா, உன் கையிலிருந்து அன்றைக்கு வாங்கியிருக்க வேண்டியது அது. நடுக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும், உனக்குத் தெரிந்தது நான் வேண்டாம் என்று சொன்னதுதான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உடனே மறந்துவிடு என்று கேட்க மாட்டேன்.

பிறகு இரண்டு பேரும் கொத்தவரங்காய் நறுக்கினோம். உன் அம்மாவும் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. திடீரென்று, நீ என் முதல் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாய் போலிருக்கிறது, "அம்மாளுக்கு மொழங்காலு எப்படி இருக்குது?" என்றார்கள். கத்தியைக் கீழே வைத்தேன். "அது பொய்யுங்கம்மா" என்றேன். அம்மா சிரித்தார்கள், தோள் குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்து அழுகையாகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் இந்த முழங்காலை வைத்தே ஒரு வருஷம் கேலி பண்ணியிருப்பாராம். நானும் கூடவே அழுதேன்.

நான் சரியாகிவிட்டேன் என்று நினைக்காதே. ‘சாப்பாடு நல்லா இருந்துச்சு’ என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். ரவி பிசியோதெரபிக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சொன்னதற்கு ‘சந்தோஷமுங்க’ என்றேன். வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் நினைத்து முகத்தை மூடிக்கொள்வேன், அது இப்போதே தெரிகிறது. மூடிக்கொண்டால் மூடிக்கொள்கிறேன். அடுத்த தடவை வருவதற்கு அதைக் காரணமாக வைத்துக்கொள்ள மாட்டேன்.

நாலு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். இரண்டு தடவை வாசல்வரை போய், செருப்பில் கால் விட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். ‘போயிட்டு வாரேன்’ என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், தெரியும். ஆனாலும் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று அதையே சொல்ல வேண்டுமே. அதனால்தான் சொல்வதற்கு முன்னால் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தேகால் பஸ்ஸும் போயிருக்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறார்கள். "அம்மணி, சொல்லாமப் போயிறாத" என்கிறார்கள்.

எழுந்துவிட்டேன். அவர்களிடம் சத்தமாகவே சொல்கிறேன், உன்னிடம் இந்தத் தாளில் சொல்லிக்கொள்கிறேன்.

போயிட்டு வாரேன், ப்ரியா.

ரூபி